காப்பிப் பூவும் வெள்ளைக்கல்லும்

ஏற்காடு

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே கோடை மழை பெய்து எட்டாம் நாள் தோட்டம் முழுக்கக் காப்பி பூத்துவிட்டது. மல்லிகை போன்ற அந்த வாசம் அடுப்படி வரை வருகிறது. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும் என்று தினமும் விடியும் முன்பே கேமராவோடு இறங்கிவிடுகிறேன்.

படத்தை எடிட் செய்யும்போது எதை முதலில் செய்வது என்று போனில் கேட்டாய். அன்று அவசரத்தில் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை.

படத்தைத் திறந்ததும் ஷார்ப் செய்வது, அதாவது கூர்மையாக்குவதுதான் என் பழைய பழக்கம். இங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து மூடுபனியை, ஒளிக்கான உணர்திறனை (ஐஎஸ்ஓ) ஏற்றி எடுத்த படத்தை அக்கா வீட்டுக்காக 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். பனி முழுக்க மணல் தூவியது போல இருந்தது. ஐஎஸ்ஓ ஏறினால் வரும் நாய்ஸ் புள்ளிகளையும் சேர்த்துக் கூர்மையாக்கிவிட்டேன். பிறகு எவ்வளவு மென்மையாக்கியும் அவை போகவில்லை. அக்கா அதை ஆசையாக மாட்டி வைத்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது.

இப்போது முதலில் கிராப், அதாவது வேண்டாத ஓரத்தை வெட்டுவது. வெட்டப்போகிற வானம் படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கக் கூடாது. அடுத்து ஒயிட் பேலன்ஸ், வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது. சில்வர் ஓக் நிழலில் காப்பிப் பூ நீலம் பாய்ந்து தெரியும். அதைச் சரிசெய்தால் சிவப்பின் அளவு ஏறும், இதழ் ஓரம் வெளுத்துப் போகலாம். அதனால்தான் மொத்த வெளிச்சத்தை, அதாவது எக்ஸ்போஷரை, அதற்குப் பிறகு தொடுகிறேன். அப்புறம் நாய்ஸ், தூசிப் புள்ளிகள். அளவைச் சுருக்குவதும் ஷார்ப் செய்வதும் கடைசியில்தான். போனில் பார்க்க ஓர் அளவு, பிரிண்டுக்கு வேறு அளவு. அதற்கேற்பக் கூர்மையும் மாறும்.

லைட்ரூம் மென்பொருளில் எந்த ஸ்லைடரை முதலில் நகர்த்தினாலும் உள்ளே அது தன் வரிசைப்படிதான் கணக்குப் போடும். அங்கே இந்த வரிசை நம் கண்ணுக்குத்தான். நீயோ ஜிம்ப் மென்பொருளில் படத்தின் மேலேயே மாற்றுகிறாய். அங்கே முன்னால் செய்ததன் மேல்தான் அடுத்தது ஏறும், வரிசை தப்பினால் படம் கெடும்.

நீ அனுப்பிய வெள்ளைக்கல் மேட்டுப் படத்தைப் பார்த்தேன். உச்சி வெயிலில், கேமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்காக எடுத்திருக்கிறாய். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா ஃபைலில் 16,384. முழுக்க வெளுத்துப்போன இடத்தை எந்த வரிசையாலும் மீட்க முடியாது. அடுத்த முறை ராவில், கொஞ்சம் இருட்டாகவே எடு.

நாகலூர்ப் பக்கம் மழை தாமதம், இனிமேல்தான் பூக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடு. அந்த மேட்டுப் படத்தின் எடிட் செய்யாத ஜேபெக் ஃபைலையும் எடுத்து வா. வெளுக்காத பகுதியில் நல்ல நிழல் இருக்கிறது, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்