199 ரூபாய்க்கு மேல் புரட்ட முடியாதவர் எதற்கு மாறுவது?

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போன் செலவைக் குறைக்க வேண்டுமா, போஸ்ட்பெய்டை விட்டுப் பிரீபெய்டுக்கு வா என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். எங்கள் வீட்டிலும் என் கணவரின் எண்ணை அப்படித்தான் மாற்றினோம். போனுக்கு மாதக் கட்டணம் 449 ரூபாய், அதற்குமேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று பில் 530 ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது 84 நாளுக்கு 859 ரூபாய், வரியும் அதற்குள்ளேயே. மாதத்துக்குப் பார்த்தால் 307 ரூபாய். தினமும் கிடைக்கும் ஒன்றரை ஜிபி அவருக்குத் தாராளம். ஓடிபி மூலமே மாறிக்கொள்ளலாம் என்று 2021இல் தொலைத்தொடர்புத் துறை வழி செய்ததால் புது சிம், படிவம், போட்டோ என்ற அலைச்சலும் இல்லை.

ஆக, மாதம் 500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவருக்கு லாபம். இந்த மடல் அவருக்காக அல்ல. வாங்கிய நாளிலிருந்தே பிரீபெய்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தென்காசிப் பக்கம் எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். பட்டன் போன்தான். பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். ஐந்தாம் எண் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருக்கும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் ராத்திரியில் கூப்பிடுவாள். ரேஷன் கடை எஸ்எம்எஸ், மகளிர் உரிமைத்தொகை ஏறியதும் வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ், சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் எண் எல்லாம் அந்தப் போனில்தான். இன்டர்நெட் என்ற பேச்சே அதில் கிடையாது. ஆனாலும் 28 நாளைக்கு ஒரு தடவை 199 ரூபாய் போடுகிறார். அதோடு 2 ஜிபி டேட்டாவும் வருகிறது. அதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

உங்களுக்கே இது தெரிந்துதான் இருக்கிறது. டேட்டா வேண்டாதவர்களுக்கு வாய்ஸும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் தர வேண்டும், வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்று 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தீர்கள். நல்ல விதி. செய்தி வந்த அன்றைக்கு நானே அந்த அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அடுத்த மாதமே பேக்குகளும் வந்தன. ஒரு பெரிய நிறுவனம் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849 என்று விலை வைத்தது. மற்றவையும் கிட்டத்தட்ட அதே விலைதான். அந்த அக்கா மாதிரி ஆட்களுக்கு ஒரு மாதப் பேக் வரவே இல்லை.

கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கடைக்காரத் தம்பி நல்ல பையன், மறைக்கவில்லை. "அக்கா, 469க்குப் போட்டா மூணு மாசம் ஓடும், அதான் லாபம்" என்றார். அக்கா சுருக்குப்பையைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "இருக்கதுக்குப் போடுப்பா, அடுத்தாப்ல பாத்துக்கிடலாம்" என்றார். அடுத்த முறையும் 199தான். வாரக்கூலியில் ஓடும் வீட்டில் போனுக்கென்று 469 ரூபாய் எந்த வாரம் மிஞ்சும்?

கணக்கைப் பாருங்கள். 28 நாளைக்கு ஒரு முறை என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். 199ஐ 13ஆல் பெருக்கினால் 2,587 ரூபாய். ஒரே தடவையில் 1,849 கட்ட முடிந்தவரைவிட 738 ரூபாய் கூடுதல். அதாவது உங்கள் விதியால் வந்த மிச்சம், கையில் மொத்தமாகப் பணம் வைத்திருப்பவருக்குப் போய்ச் சேர்கிறது. கை வறண்டவர் தனக்குத் தேவையில்லாத டேட்டாவுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

10 ரூபாய் டாப்-அப் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும் அதே விதியில் சொன்னீர்கள். இருக்கிறது. ஆனால் அது வேலிடிட்டியை நீட்டிக்காது; வேலிடிட்டி முடிந்த சிம்மில் அதைப் போட்டு என்ன செய்ய? 2003இலேயே இன்கமிங் இலவசமான நாடு இது. 10 ரூபாய்க்கு ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் மிஸ்டு கால் கொடுத்தே காலம் தள்ளியவர்கள் நாம். 2018 கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்தபோது அது மாதம் 35 ரூபாய். இப்போது அந்த அக்கா போடுவது 199. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் எண்ணைப் பறிக்கக் கூடாது என்ற 2013ஆம் ஆண்டு விதியைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது எண்ணைக் காப்பாற்றும். மகள் கூப்பிட்டால் மணி அடிக்குமா என்பது வேறு விஷயம்.

"பிடிக்கவில்லையென்றால் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் பண்ணிக்கொள்" என்பார்கள். 1900க்கு ஒரு எஸ்எம்எஸ் போட்டால் அதற்கான கோட் வந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 2ஜி மட்டும் பிடிக்கும் பட்டன் போன், 4ஜி மட்டுமே வைத்திருக்கும் நிறுவனத்தின் சிம்மில் வேலை செய்யாது. மிச்சமிருப்பதில் எந்த டவர் வீட்டுக்குள் எடுக்கிறதோ அதுதான் அவர் நிறுவனம். இதில் போட்டி எங்கே இருக்கிறது?

விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்ளட்டும் என்பது உங்கள் கொள்கை. அதோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் எத்தனை நாளுக்குப் பேக் தர வேண்டும் என்பதில் நீங்கள் முன்பே தலையிட்டிருக்கிறீர்கள். 30 நாள் பிளான் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது நீங்கள்தானே? அதையே இங்கேயும் செய்யுங்கள். வாய்ஸ் பேக் தரும் ஒவ்வொரு நிறுவனமும் அதை 30 நாளுக்கும் தர வேண்டும். அதன் ஒரு நாள் விலை வருஷப் பேக்கின் ஒரு நாள் விலையைவிடப் பெரிதாகக் கூடக் கூடாது. 1,849ஐ 365ஆல் வகுத்தால் நாளைக்கு 5 ரூபாய் சொச்சம். 30 நாளுக்கு 152. கொஞ்சம் கூட்டி 160 என்று வைத்தால்கூட அந்த அக்கா கட்டிவிடுவார்.

இன்னொன்று. இன்கமிங்கும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள, இதைவிடச் சின்ன பேக் ஒன்றைப் பற்றியும் யோசியுங்கள். அரசும் வங்கியும் எல்லாவற்றுக்கும் செல் எண் கேட்கிற காலத்தில் அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்க மட்டும் எவ்வளவு ஆகும் என்று ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேளுங்கள். அதைத் தமிழிலும் வெளியிட்டால் எங்கள் தெருவிலிருந்தே பதில் அனுப்புவோம்.

இப்படிக்கு,
ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தலைவி