ஆடு தொலைஞ்ச கதை

கண்ணு,

நேத்து போன்ல நீ சிரிச்சுகிட்டே சொன்னது ராத்திரி பூரா மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. துணி ஷேடு மாறி வந்துச்சு, அப்புறம் அந்த கடைக்காரர் ஒவ்வொரு ரோலா பிரிச்சு செக் பண்ணி அனுப்ப ஆரம்பிச்சாரு, ஆடு தொலைஞ்ச பிறகு பட்டியை அடைக்கிறதுங்கற சீனப் பழமொழியை நீ நக்கலா 'வாங் யாங் பூ லாவ்'னு சொன்ன, அந்த மனுஷன் கோவமே படாம டீ ஊத்திக் குடுத்தாரு. அவருக்கு உறைக்கலன்னு நீ நெனச்சிருக்க. உறைக்காதது உனக்குத்தான்டா.

நீ வீசாட்ல அனுப்புன சீனப் பழமொழி லிஸ்ட்ல அதுக்கு குதிரை ஓடுன பிறகு லாயத்தைப் பூட்டுறதுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு, நம்ம கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் மாதிரி. ஆனா சீனாக்காரங்க சொல்றது நேர் எதிர்! ஆடு போனா என்ன, இப்பவாவது பட்டியை அடைச்சா மிச்ச ஆடு தங்கும்ங்கறாங்க. பழைய சீனாவுல சூ நாட்டு ராஜா ஒருத்தர் புத்தி சொன்ன ஆளை மதிக்காம விட்டு, கி.மு. 278ல பக்கத்து சின் நாட்டுப் படைகிட்ட தலைநகரத்தையே தொலைச்சுட்டு, அதே ஆளைத் திரும்பக் கூப்பிட்டு இப்ப என்ன பண்றதுன்னு கேட்டப்ப அவர் சொன்ன பதில்ல வர்ற வார்த்தை இது. நாட்டையே பாதி தொலைச்சவனுக்கு சொன்ன ஆறுதல், நீ அதை துணி கடைக்காரர்கிட்ட கிண்டல்னு நெனச்சு சொல்லிட்டு வந்திருக்க.

மாட்டுக்கு முன்னாடி வீணை வாசிக்கிறதுன்னு ஒன்னு இருக்குல்ல, அதுவும் அப்படியே செவிடன் காதுல ஊதுன சங்கு இல்ல. ஆள் தெரியாம வாசிச்சவனையும் சேத்து கிண்டல் பண்றது. கிணத்துத் தவளை மட்டும் அச்சு அசல் நம்மூர் தவளைதான், சுவாங்ஸிங்கற பழைய சீன ஞானி பேர்ல உள்ள கதையில கடல் ஆமைகிட்ட போய் என் கிணறு எவ்ளோ சுகம் தெரியுமான்னு பீத்திக்குது. உற்சாகப்படுத்த 'எண்ணெய் ஊத்து'ன்னு உன் ஃப்ரெண்ட்ஸ் கத்துவாங்களே, ஜியா யோ, அதோட இங்கிலீஷ் வடிவத்தை 2018ல ஆக்ஸ்ஃபோர்ட் டிக்ஷனரியிலயே சேத்துட்டாங்க. வினிகர் குடிக்கிறதுன்னா காதல்ல வர்ற பொறாமையாம். டோஃபு சாப்பிடறதுக்கு பொண்ணுங்ககிட்ட வம்பு பண்றதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, நீ பாட்டுக்கு யாரோட டோஃபுவையோ சாப்பிட்டேன்னு ஆபீஸ்ல உளறி வெக்காத.

அந்த லிஸ்ட்டை விட்டுட்டு கடையில இருக்கற பெரியவங்ககிட்ட கதை கேளு. அந்த மனுஷன் ஊத்துன டீயை குடிச்சியா இல்ல அப்படியே வெச்சுட்டு வந்தியா? அடுத்த லோடு என்னைக்கு வரும்னு அப்பா கேக்குறார்.

அம்மா