இரண்டு முறை வெளியே வந்த கியர்பாக்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. கிளட்ச் வழுக்கினால் (என்ஜின் சுற்றியும் சக்கரத்துக்கு முழு விசை போகாவிட்டால்) பிளேட்டை மாற்றினால் போதும் என்ற ஒரு வரி மட்டும் உறுத்தியது. அதை நம்பித்தான் நானும் ஏமாந்தேன்.

என்னிடம் இருப்பது 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அப்பா ஓட்டிய வண்டி. கியர்பாக்ஸை இறக்குவது என்று சொல்கிறோமே தவிர, ஹெரால்டில் அது மேலே ஏறித்தான் வெளியே வரும். முன் சீட்டுகளைக் கழற்றி, நடுவில் இருக்கும் கவரை எடுத்து, காருக்குள்ளிருந்தே இரண்டு பேர் தூக்க வேண்டும். முதல் முறை தூக்கியபோது பிளேட் தேய்ந்து ரிவெட் தலை தெரிந்தது. புதுப்பேட்டையில் அலைந்து பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் வாங்கினேன். பிளேட் அழுந்தும் ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்தியாயிற்று. பழைய தூசியைக் காற்றடித்து ஊதப்போன பையனை மட்டும் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். அந்தக் கால பிளேட்டுகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு.

எல்லாம் பூட்டிய பிறகும் பெடலை அடிவரை மிதித்து முதல் கியர் போட்டால் கரகரவென்று ஒரே சத்தம். பெடல் மிதிப்பதை எண்ணெய் வழியே கிளட்சுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்களை மாற்றி, அந்தக் குழாயில் புகுந்த காற்றை இரண்டு தடவை வெளியேற்றியும் பார்த்தோம். அப்புறம் மறுபடியும் சீட்டைக் கழற்றினோம்.

குற்றவாளி, கிராங்க் ஷாஃப்ட் முனைக்குள் உட்கார்ந்திருக்கும் விரல்நுனி அளவு வெண்கல வளையம், புஷ் என்பார்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு அதில்தான் சுழலும். எண்ணெய் வற்றி அது ஷாஃப்டைக் கவ்விக்கொண்டதால், கிளட்சை மிதித்தாலும் ஷாஃப்ட் நிற்கவில்லை. பின்பக்கம் அடைத்த ஓட்டை, புஷ்ஷைப் பிடித்து இழுக்கும் புல்லர் நுழையாது. மெக்கானிக் அண்ணன் நனைத்த செய்தித்தாளை அதில் திணித்து, அளவான கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். திணிக்கத் திணிக்க, தட்டத் தட்ட, பின்னால் சேர்ந்த காகிதம் தள்ளி புஷ் தானாக வெளியே வந்தது. (கிரீஸ் வைத்தும் செய்வார்களாம். எங்களுக்கு உதவியது உங்கள் பத்திரிகைதான்.) புதிய புஷ்ஷை ஒரு ராத்திரி என்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் போட்டதும் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

அந்த புஷ்ஷின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது. கூலிதான் இரண்டு முறை போயிற்று. கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது புஷ்ஷையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.

— ஒரு ஹெரால்டுகாரன்,
குரோம்பேட்டை