அக்கா, அந்த ரிசோட்டோவைப் பற்றி

அக்கா,

நாம் அந்த உணவகத்துக்குப் போய் நேற்றோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. எதற்காகப் போனோம், திரும்பி வரும்போது காரில் ஏன் யாரும் பேசவில்லை என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், அந்த மேஜையில் இருந்த மூன்றாவது ஆளைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. அவர் சொன்ன வார்த்தை நம் இரண்டு பேருக்குள் இருந்தால் போதும்.

நான் சொல்ல வந்தது உனக்குப் பிடித்த அந்த இத்தாலிய அரிசி உணவு, ரிசோட்டோ, வந்த நேரத்தைப் பற்றி.

ஆர்டர் கொடுத்து ஏழெட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, தட்டு வந்துவிட்டது. நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். அரிசியை வெண்ணெயில் பிரட்டி, ஒயின் வற்றியதும் கொதிக்கிற சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, வெந்து முடிய 18 நிமிடமாவது ஆகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். கார்னரோலி அரிசிதான் குழையாமல் தாங்கும் என்று எங்கெங்கோ தேடி வாங்கி வருவாய். உணவகங்களில் பாதிக்கு மேல் வேகவைத்து, பரப்பி ஆறவிட்டு, ஆர்டர் வந்ததும் மீதியை முடிப்பார்கள். பக்குவமாகச் செய்தால் அதுவும் நன்றாகவே வரும் என்றும் சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு அந்த மீதியை யாரும் முடிக்கவே இல்லை. மேலே ஆடை மாதிரி ஒரு தோல் படிந்திருந்தது. ஓரத்தில் வெண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. குங்குமப்பூவின் நிறம் இருந்தது, மணம் இல்லை.

நீ ஒன்றும் சொல்லவில்லை. தட்டை இடது கையில் லேசாகச் சாய்த்துப் பிடித்து, அடியில் வலது உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாய். நல்ல ரிசோட்டோ என்றால் அலை மாதிரி நகர்ந்து பரவும். ‘அல்லோண்டா’ என்று இத்தாலியர்கள் சொல்வது அதைத்தான். இன்னொரு முறை தட்டினாய். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

அந்த நேரம் பார்த்துத்தான் பரிமாறுகிறவர் வந்து, “எல்லாம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டு “பிரமாதம்” என்றேன்.

மன்னித்துவிடு. ஒரு வருடமாக வாய் வரைக்கும் வந்து நின்ற வார்த்தை இது. ஆனால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் நீ கேட்டாக வேண்டும். மூன்று வாரம் முன்பே மேஜை பிடித்து வைத்தது நான். வாழ்நாளெல்லாம் அடுப்பு முன்னால் நின்று மற்றவர்களுக்குச் செய்துபோட்டவளை, ஒரு நாளாவது உட்காரவைத்து, அவளுக்குப் பிடித்ததை வேறு யாராவது சமைத்துத் தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பினால் என்னையே திருப்பி அனுப்புகிற மாதிரி இருந்தது. அதுவும் அவர் முன்னால். சரி, இதற்கு மேல் வேண்டாம்.

நீ குறை சொல்ல மாட்டாய் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை அக்கா. நான் முதன்முதலில் ரிசோட்டோ செய்து கொண்டுவந்தபோது, ஒரு வாய் எடுத்துவிட்டு, “சீஸை அடுப்பை அணைத்த பிறகு போட்டிருக்கணும்” என்றாய். சரியாகத்தான் சொன்னாய். ஆனால் அன்றைக்கு அந்தக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாய். நான் எத்தனை நேரம் நின்று கிளறினேன் என்று கேட்கவில்லை. இத்தனை நாளும் அதை நான் சொன்னதில்லை.

அந்த உணவகத்துக்குப் போய்வந்த ஒரு மாதத்துக்குள், எல்லோரும் கூடியிருந்தபோது, “அவனுக்கு நாக்கு செத்துப்போச்சு, மெழுகுவத்தி ஏற்றி வைத்தால் போதும்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து போனது போன் வந்ததால் இல்லை.

என் நாக்கு சாகவில்லை. அன்றைக்கு நான் வாங்கிய கார்பனாரா பாஸ்தாவில் கிரீம் ஊற்றியிருந்தார்கள். முட்டை மஞ்சள்கரு, பெகோரினோ சீஸ், பாஸ்தா வேகவைத்த தண்ணீர், பன்றிக் கன்னக் கொழுப்பு, மிளகு, அவ்வளவுதான் அதற்கு வேண்டும் என்று நீ சொன்னது எனக்கு மறக்குமா? சூடு கொஞ்சம் ஏறினால் முட்டை திரிந்துவிடும் என்று பயந்து கிரீமில் ஒளிந்துகொள்கிறார்கள் என்பாய். அந்த வெள்ளைக் குழம்பை ஒரு வாய் விடாமல் தின்று முடித்தேன், நீ பார்க்க வேண்டும் என்பதற்காக.

நீ பாதித் தட்டு சாப்பிட்டாய். கரண்டியால் மீதியை ஓரமாக ஒதுக்கி, மேலே நாப்கினை மடித்துப் போட்டு மூடினாய். பில் வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அது கோபம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நான் எவ்வளவு கொடுக்கிறேன் என்று பார்த்து எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் திரும்பிக்கொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டு வாசலில் இறங்கும்போது, “உனக்கு நிஜமாவே பிடிச்சிருந்ததா?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

இல்லை அக்கா. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. நீ தட்டைத் தட்டியபோது நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.