பாப்பாவுக்கு, வண்டி விஷயமாக

இலவம்பாடி,
சித்திரை 27

அன்பு மகள் பாப்பாவுக்கு நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மீதியை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

இதோடு ஒரு பென்சில் பிரிண்ட் வைத்திருக்கிறேன். நம்ம டாடா வண்டியின் எஞ்சின் நம்பர். போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டால் ஒரு நிமிஷம்தானே என்று தம்பி கேட்டான். அந்த இடத்தில் துரு ஏறி, போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் ஓரளவு விழுகிறது. அதனால்தான் தபால்.

வண்டிக்கு எஞ்சின் மாற்ற வேண்டும். எதைப் போடுவது என்று முடிவெடுக்க முடியாமல் ஒரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தையிலிருந்து வண்டி வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. சீட்டுக்குப் பின்னால் கருப்புக் கோழி முட்டை வைத்துவிட்டது, அம்மா எடுக்கவிடவில்லை. கத்திரிக்காயை வாடகை ஏஸ் வண்டியில் நேதாஜி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறேன். நடைக்கு 900 ரூபாய். 2023-இல் நம்ம முள்ளு கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை எனக்கு முதலில் போன் பண்ணிச் சொன்னது நீதான். குறியீடு வாங்கிய காய்க்கு வாடகை வண்டி.

போன வாரம் பள்ளிகொண்டா மெக்கானிக் பாய் எஞ்சினை இறக்கிப் பிரித்தார். பிஸ்டன் ஓடுகிற துளைதான் போர்; ஹெட் கேஸ்கெட் இரண்டாவது போருக்கும் மூன்றாவது போருக்கும் நடுவில் எரிந்துபோயிருக்கிறது. ஹெட் வளைந்திருக்கிறது. மூன்றாவது போரில் நகத்தால் தடவினாலே தட்டுகிற அளவு கோடு.

பாய் மூன்று வழி சொல்கிறார். முதல் வழி, இதே எஞ்சினுக்குப் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் எல்லாம் சேர்த்து 70,000 வரும் என்கிறார். எஞ்சின் நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் 2009-இல் ஒரு தடவை போர் அடித்தாச்சே. இன்னும் சுரண்டினால் சுவர் தாங்குமா? பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று வேலூர் லேத்தில் பார்த்த பிறகுதான் அதையும் சொல்ல முடியும்.

இரண்டாவது, சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டி உடைக்கிற கடைகள். பழைய சுமோவுக்கும் நம்ம வண்டிக்கும் ஒரே 1948 சி.சி. எஞ்சின்தான் என்பதால் உடைத்த சுமோவிலிருந்து எடுத்தது 45,000-க்குக் கிடைக்கும் என்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்க்கவேண்டுமாம். காற்று கையைத் தள்ளினால் ரிங் போயிற்று. ஆயில் குச்சியில் பால் காபி நிறம் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எல்லாம் சரி, கடை வாசலில் தரையில் கிடக்கிற எஞ்சினை எங்கே ஓட்டிப் பார்ப்பது? கிராங்கைக் கையால் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நம்பரைச் சுரண்டியிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கும். பில்லும், உடைத்த வண்டியின் ஆர்.சி. நகலும் இல்லாமல் கைவைக்கவே கூடாது.

மூன்றாவது, பெரியமாமா சொல்வது. டாடா 207 டி.ஐ. வண்டியின் எஞ்சின், 2956 சி.சி. ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் ஆசைதான். ஒடுகத்தூர் மேட்டில் இரண்டாவது கியருக்கு இறங்கவே வேண்டாம் என்கிறார்கள். ஆனால் கியர்பாக்ஸ், கிளட்ச், மவுண்டிங், ரேடியேட்டர் எல்லாமே மாற்றவேண்டும், முன்பக்கம் எடையும் ஏறும். அதைவிட, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்.சி.யில் இருப்பது கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறக்கூடாது என்கிறது. வருஷா வருஷம் தகுதிச் சான்றுக்கு, எஃப்.சி.க்குப் போகிற வண்டி, 15 வருஷம் தாண்டியதற்குக் கட்டணத்தையும் ஏற்றிவிட்டார்கள். இதில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு எஞ்சினை வைத்து ஓட்டி, நாளைக்கு ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரன் திரும்பிப் பார்ப்பானா? அதே வகை எஞ்சின் என்றால் முன்கூட்டி அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் நம்பரை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

இதெல்லாம் உனக்கு நான் சொல்வதா? நம்ம எஞ்சின் 483 என்றால் 4 சிலிண்டர், 83 மில்லிமீட்டர் போர். 207-இல் வருகிற 497 என்றால் 97 மில்லிமீட்டர் என்று நீ பாகாயம் காலேஜில் முதல் வருஷம் படிக்கும்போது சொன்னாய். பதிமூன்று வருஷம் அதையே ஓட்டினவனுக்கு அது தெரியாது. அப்புறம் டீக்கடையில் நானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். டி.ஐ. எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் ஹீட்டர் போட்டுக் காத்திருக்கிற வேலை இல்லை, டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் அடிக்கிறது என்று பெரியமாமா பெருமையாகச் சொல்கிறார். நமக்கு ஹீட்டர் போட்டுப் பத்து எண்ணித்தான் பழக்கம். என் மடியில் உட்கார்ந்துகொண்டு ஆறுக்குப் பிறகு எட்டுக்குத் தாவிவிடுவாய்.

புனேயில் நீ செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டாடா கம்பெனியே பழைய எஞ்சினை எடுத்துக்கொண்டு, சீர்செய்த எஞ்சினைப் புரோலைஃப் என்ற பெயரில் கொடுக்கிறதாம். நம்ம 483-க்கு இன்னும் கொடுக்கிறார்களா, அல்லது நிறுத்திவிட்டார்களா? இந்த நம்பரைக் காட்டி விசாரி. அவசரம் இல்லை. ஆனால் ஆனி பிறக்குமுன் தெரிந்தால் நல்லது.

உன் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றினாயா? மாதம் ஒரு தடவையாவது குச்சியை இழுத்துப் பார். ஷோரூம்காரன் பார்த்துக்கொள்வான் என்று இருக்காதே. ராத்திரி ஷிப்டு முடிந்து தனியாக வருகிறாயாமே. பெட்ரோல் பாதிக்குக் கீழே போகவிடாதே.

அந்த 40,000 பற்றி. மாசியில் அம்மா கணக்கில் போட்டு "வண்டிக்கு" என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாய். நான் உன்னைக் கேட்டேனா? அபராதம் கட்டுகிற மாதிரி அனுப்புவதற்கு இது என்ன கோர்ட்டா? நாலு மாதமாக அம்மாவோடு மணிக்கணக்கில் பேசுகிறாய். போன் என் கைக்கு வந்தால் "சிக்னல் இல்ல நைனா" என்கிறாய். நான் படிக்காதவன்தான். சிக்னல் எது என்று தெரியும்.

சரி, அதை விடு. 2021-இல் பாலாறு பெருகி வந்தபோது எனக்குக் காய்ச்சல். இதே வண்டியில் ஆற்றோரத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று நடை ஏற்றிப்போனது நீ. இப்போதும் விரிஞ்சிபுரம் பக்கம் போனால் "டாடா வண்டி பொண்ணு நல்லாருக்குதா" என்றுதான் கேட்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பெரியமாமா ஒரு ஜாதகம் கொண்டுவந்தார், நான் வாங்கி வைக்கவில்லை. அதையும் அம்மா சொல்லியிருப்பாள்.

பாய் எஞ்சினைப் பிரித்ததை எழுதினேன் அல்லவா, பாதிதான் எழுதினேன். பிளாக்கின் தண்ணீர் வழியெல்லாம் வெந்நீர் அண்டா அடியில் படிகிற மாதிரி வெள்ளையாக ஓடு கட்டியிருக்கிறது. திருப்புளி வைத்துக் குத்தினால் சில்லுச் சில்லாக வருகிறது. நம்ம போர்வெல் தண்ணீர்தான், வேறென்ன. இருபத்தைந்து வருஷமாக ரேடியேட்டரில் அதைத்தான் ஊற்றினேன். ஓடு கட்டிய இடத்தில் சூடு வெளியே போக வழியில்லாமல் ஹெட் வளைந்தது என்கிறார். நீ போன தீபாவளிக்கு வாங்கி வந்த பச்சைக் கூலண்ட் கேன் பரணில் இருக்கிறது. சீல் உடையவில்லை. "இதை ஊத்தணும் நைனா, போர் தண்ணி வேணாம்" என்று பஸ் ஏறும்போதும் சொன்னாய். கேனைத் தூக்கி மேலே வைத்தவன் நான்.

இதை மட்டும் எழுதிவிட்டுக் கடுதாசியை ஒட்டிவிடலாம் என்று நேற்று ராத்திரி நினைத்தேன். தூக்கம் வரவில்லை.

எஞ்சினை இறக்கும்போது பாய் ஒரு வயரைத் தூக்கிக் காட்டினார். டெம்பரேச்சர் மீட்டருக்குப் போகிற வயர். சென்சாரிலிருந்து கழன்று தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "எலி கடித்திருக்கும்" என்றேன். "எலி கடிச்சிட்டு டேப்பும் சுத்திட்டுப் போச்சா?" என்று சிரித்தார். சிவப்பு இன்சுலேஷன் டேப். நான் சுற்றியது.

ஐப்பசியிலேயே முள் முக்காலுக்கு மேல் ஏற ஆரம்பித்துவிட்டது பாப்பா. மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "முள்ளு மேல போகுதே, முள்ளு மேல போகுதே" என்பாள். அப்போதுதான் போர் ஆழப்படுத்திய கடன் வேறு. எஞ்சினைப் பிரித்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று பயம். ஒரு நாள் விடிகாலையில் பானெட்டைத் திறந்து வயரைக் கழற்றிவிட்டேன். முள் கீழேயே கிடந்தது. அம்மாவும் கேட்பதை நிறுத்தினாள். வண்டி சரியாகிவிட்டது என்று கொஞ்ச நாளில் நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

படவேடு கோயில் வாசலில் வண்டி எடுக்கும்போது நீ கேட்டாய். "முள்ளு எழும்பவே இல்லியே, மீட்டர் வேலை செய்யுதா நைனா?" உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. "செய்யுது, ஓட்டு" என்று சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்துக் கண்ணமங்கலத்தில் எஞ்சின் சூடேறி வண்டி நின்றபோது, பெரியமாமா முன்னால், டீக்கடைக்காரர்கள் முன்னால், பொம்பளப் பிள்ளை கையில் ஸ்டீயரிங் கொடுத்தது என் புத்தி என்றேன். முள் ஏறவில்லை என்று நீ சொன்னதற்குப் பொய் சொல்லாதே என்றேன். அன்று ராத்திரியே காட்பாடியில் ரயில் ஏறிவிட்டாய். ஸ்டேஷனுக்குத் தம்பிதான் வந்தான். நான் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மாடு குடித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு வயர் விஷயம் இன்னும் தெரியாது. இந்தக் கடுதாசியைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியமாமா வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லவேண்டும். அவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அந்த 40,000-ஐ நான் தொடவில்லை. திருப்பி அனுப்பினால் நீ கோபித்துக்கொள்வாய் என்கிறாள் அம்மா. என்ன செய்யட்டும் என்று நீயே சொல். எஞ்சின் வாங்க வேண்டுமானால் இரண்டு கன்றுக்குட்டிகளைப் பொய்கைச் சந்தைக்கு ஓட்டலாம், ஒரு செவ்வாய்க்கிழமை போதும்.

என் மனசுக்குச் சுமோ எஞ்சின்தான் படுகிறது, பேப்பர் சரியாக இருந்தால். பாய் போர் அடிக்கலாம் என்கிறார். நீ எதைச் சொல்கிறாயோ அதைப் போடுவோம். எதுவானாலும் கூலண்ட்தான். வயரையும் புதிதாக மாற்றச் சொல்லிவிட்டேன்.

ராத்திரி எட்டரைக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ஸ்கூட்டர் ஆயிலைப் பார்.

உன்
நைனா

பிரிண்டில் கடைசியிலிருந்து இரண்டாவது 8 மாதிரியும் தெரிகிறது, 3 மாதிரியும் தெரிகிறது. சந்தேகமாக இருந்தால் கேள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து இன்னொன்று தேய்த்து அனுப்புகிறேன்.