வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: போர் விமானம் ஓட்டிய பெண்களைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்களை இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய பெண்களுக்கென ஒதுக்கினோம். மழையால் கார்த்திகை மாதக் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவிகள் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

முதலில் சோவியத் நாட்டை எடுத்துக்கொண்டோம். 1941 அக்டோபரில், புகழ்பெற்ற விமான வழிகாட்டுநர் மரீனா ரஸ்கோவாவின் முயற்சியால் பெண்களுக்கென மூன்று விமானப் படைப்பிரிவுகள் உருவாயின. வோல்கா கரையில் உள்ள எங்கெல்ஸ் நகரில் பயிற்சி நடந்தது. மூன்றில் நம்மை அதிகம் பேசவைத்தது 588-ஆம் இரவுக் குண்டுவீச்சுப் பிரிவு. தலைவி யெவ்தோகியா பெர்ஷான்ஸ்கயா. விமானி, வழிகாட்டுநர், மெக்கானிக், குண்டு ஏற்றுபவர் எல்லோருமே பெண்கள்.

இவர்களுக்குக் கிடைத்த விமானம் போ-2. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி, பயிற்சிக்கும் வயலில் மருந்து தெளிக்கவும் பயன்பட்டு வந்தது. வேகம் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர்தான். இலக்கை நெருங்கியதும் எஞ்சின் ஓசையை அடக்கிவிட்டுச் சறுக்கி வருவார்கள். கீழே இருப்பவர்களுக்குக் காற்றின் சீறல் மட்டுமே கேட்கும். ஜெர்மானியர் 'இரவுச் சூனியக்காரிகள்' என்று பெயர் வைத்தது அதனால்தான் என்பார்கள். திரும்பி இறங்கியதும் ஒருத்தி எரிபொருள் நிரப்ப, இன்னொருத்தி எஞ்சினைப் பார்க்க, மற்றவர்கள் குண்டுகளைப் பொருத்த, சில நிமிடங்களில் விமானம் மறுபடி கிளம்பும். கையுறை போட்டால் திருகுகள் பிடிபடாது என்று கொட்டும் பனியிலும் வெறுங்கையால் பொருத்தினார்கள். நீண்ட குளிர்கால இரவுகளில் பத்து முறைக்கு மேலும் போய்வந்தவர்கள் உண்டு. போர் முடியும்போது இந்தப் பிரிவு பறந்த தாக்குதல்கள் 23,000-க்கு மேல்.

1943 ஜூலை 31 இரவைப் பற்றி நம் பொருளாளர் அம்மா பேசியபோது அறையில் யாரும் அசையவில்லை. அன்று பீரங்கிகள் மௌனமாக இருந்தன. தேடுவிளக்குகள் விமானத்தைப் பிடித்து நிறுத்த, ஜெர்மன் இரவுப் போர் விமானம் ஒவ்வொன்றாகச் சுட்டது. நான்கு விமானங்கள், எட்டுப் பெண்கள். அந்தக் காலத்தில் அவர்கள் பாராசூட் எடுத்துச் செல்வதில்லை.

பிரிட்டனுக்கு ஒரு கூட்டம்தான் ஒதுக்க முடிந்தது. தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுசேர்த்த துணைப் போக்குவரத்துப் பிரிவில் 168 பெண்கள் பறந்தார்கள். தொடக்கத்தில் ஆண்களைவிட 20 சதவீதம் குறைவாக வாங்கிய இவர்களுக்கு 1943-இல் சம ஊதியம் கிடைத்தது.

அமெரிக்கப் பெண் விமானிகளின் கதைதான் உறுப்பினர்களை அதிகம் கொதிக்கவைத்தது. ராணுவ விமானங்களை ஓட்டும் பெண்களுக்கென ஜாக்குலின் காக்ரன் தலைமையில் இயங்கிய வாஸ்ப் (WASP) அமைப்புக்கு 25,000-க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பயிற்சி முடித்தவர்கள் 1,074 பேர். புது விமானங்களைக் கொண்டுசேர்த்தார்கள். பீரங்கிப் படையினர் நிஜக் குண்டுகளால் சுட்டுப் பழக, இலக்குத் துணியை விமானத்தின் பின்னால் இழுத்துப் பறந்தார்கள். 38 பேர் இறந்தார்கள். ஆனால் ஏட்டில் அவர்கள் சிவிலியன்கள். இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் பணம் வசூலித்தார்கள். சவப்பெட்டியின் மேல் கொடி போர்த்தும் உரிமையும் இல்லை. படை அந்தஸ்து தரும் மசோதா 1944 ஜூனில் தோற்றது. டிசம்பரில் அமைப்பே கலைக்கப்பட்டது. முன்னாள் படையினர் என்ற அந்தஸ்து 1977-இல்தான் வந்தது. உயிரைக் கேட்கும்போது படைவீரர், உரிமையைக் கேட்கும்போது சிவிலியன் என்று ஒரு அரசு நடந்துகொண்டதை நான் அநியாயம் என்றே இந்த அறிக்கையில் எழுதுகிறேன்.

நிறைவுக் கூட்டத்தில் 1999 கார்கில் போரில் சீத்தா ஹெலிகாப்டர் ஓட்டிய குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் பற்றி மாணவிகளே பேசினார்கள். நேரம் போதவில்லை, அடுத்த ஆண்டில் தொடரலாம்.

இந்தப் பொருளில் மாணவர் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு சிறு நூலைத் தேடி அலைந்தோம், நம் நூலக அலமாரியில் கிடைக்கவில்லை. ஆகவே இவ்வாண்டின் உரைகளைத் தொகுத்துச் சிறு வெளியீடாக அச்சிட்டு, சுற்றுவட்டப் பள்ளிகளுக்கு இலவசமாக வழங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அச்சுச் செலவு உள்ளிட்ட வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இந்த அறிக்கையையும் பரிந்துரையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்