பணிவுக்கும் பகைக்கும் நடுவே: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை நீங்கள் ஏற்றிருப்பதில் மிக்க மகிழ்ச்சி. அமைச்சகத்திலிருந்து நாளொரு கேள்வியும் பொழுதொரு நிபந்தனையுமாக வருவதாக எழுதி, பணிந்து போவதா, எதிர்த்து நிற்பதா என்று கேட்டிருந்தீர்கள். இவ்விரண்டையும் விட்டு வேறொரு வழியில் நடந்து காட்டியவர் தொழிலதிபர் ஜே.ஆர்.டி. டாட்டா என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே தபால் விமானத்தை ஓட்டிவந்து அவர் தொடங்கி, பின்னர் ஏர் இந்தியாவாக வளர்ந்த சேவையை, 1953இல் அரசு தேசியமயமாக்கியது. தம்மைக் கலந்தாலோசிக்காமல் எடுக்கப்பட்ட முடிவு என்ற மனக்குறையை அவர் நேருவிடமே வெளிப்படையாகச் சொன்னார். ஆயினும் ஒதுங்கிக்கொள்ளாமல், அரசு கேட்டுக்கொண்டபடி ஏர் இந்தியாவின் தலைவராகி, பயணிகளுக்குத் தரும் தேநீரின் தரம் வரை குறிப்பெழுதி அனுப்பி அதை வளர்த்தார். 1961இல், காங்கிரசுக்கு மட்டுமன்றி, அதை எதிர்த்து நின்ற சுதந்திராக் கட்சிக்கும் நன்கொடை தரப்போவதாக நேருவுக்கே முன்கூட்டிக் கடிதம் எழுதினார். மறைவாகச் செய்திருந்தால், பின்னாளில் அது வெளிவரும்போது துரோகமாகத் தெரிந்திருக்கும். நேரு அவர் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அது அவர் உரிமை என்று பதில் எழுதினார். எந்த அரசும் கருத்து வேறுபாட்டைவிடத் தனக்குத் தெரியாமல் நடப்பதற்கே அதிகம் சினம் கொள்கிறது என்பது என் கணிப்பு.

இது கவசமாகி எப்போதும் காத்துவிடும் என்று சொல்லமாட்டேன். 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு அவரிடம் ஒரு வார்த்தை கேளாமலே அவரை ஏர் இந்தியாவின் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. இன்று படித்தாலும் மனம் வருந்தும் செய்தி அது. ஆனால் 1980இல் ஆட்சி மாறியதும் இயக்குநர் குழுவுக்கு அவரை மீண்டும் அழைக்க முடிந்ததென்றால், அவர் எவரையும் பகைத்துக்கொண்டு வெளியேறாததே காரணம்.

சட்டமே கடுமையாகும்போது அதன் வரிகளை ஊன்றிப் படிப்பவருக்கு வழி கிடைக்கிறது. 1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுப் பங்கைப் பொதுவாக 40 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியபோது, கோகோ கோலா இணங்க மறுத்து 1977இல் வெளியேறியது. இந்துஸ்தான் லீவரோ, விலக்குக்குச் சட்டம் கேட்ட ஏற்றுமதியையும் உயர் தொழில்நுட்ப உற்பத்தியையும் பெருக்கிக் காட்டி, தாய் நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கைக் காப்பாற்றிக்கொண்டது.

சொல்லும் இடமும் முக்கியம். 2020 அக்டோபரில் ஷாங்காய் மேடையில் சீன நிதி ஒழுங்குமுறையாளர்களை அந்நாட்டுத் தொழிலதிபர் ஜாக் மா பகிரங்கமாகக் குறைகூறினார். சில நாட்களிலேயே, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட இரண்டு நாள் இருக்கையில், அவர் நிறுவிய நிதிச்சேவை நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீடு நிறுத்தப்பட்டது. அவர் கருத்தில் நியாயம் இருந்திருக்கலாம், ஆனால் ஊரறியக் கேட்ட குறையை ஏற்றுக்கொண்டு பின்வாங்குவது எந்த அதிகாரிக்கும் கடினம்.

ஆகவே, உங்கள் மறுப்பை முதலில் எழுத்தில், காரணங்களோடு, துறைச் செயலருக்கு அனுப்புங்கள். ஏற்கக்கூடிய நிபந்தனைகளை அதே கடிதத்தில் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அமைச்சரைத் தனியே சந்திக்க நேர்ந்தால், பேசியதை அன்றே குறிப்பாக்கி இயக்குநர் குழுவின் முன் வையுங்கள். மனுவின் வரைவு முடிந்ததும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். ஒவ்வொரு வரியாகப் படித்துக் கருத்துச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்